வீட்டுல பெல் அடிக்காதே, தங்கச்சி!

பிள்ளையை ஸ்கூல்ல இருந்து நிறுத்தி வீட்டுலயே படிக்க வைக்கப் போறேன்னு சொல்ற. சரி. அது நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் நடத்த நான் வரலை. ரெண்டு பிள்ளைகளை வருஷக்கணக்கா வீட்டுல வச்சுப் படிக்க வச்சவ நான். பெரியவ இப்போ காலேஜ் ரெண்டாம் வருஷம். சின்னவன் பாதியிலயே வேற முடிவு எடுத்துட்டான், அதைக் கடைசியில சொல்றேன். செய்யக்கூடாத தப்பு அத்தனையும் நானே செஞ்சு முடிச்சாச்சு. நீ புதுசா செய்ய ஒண்ணும் மிச்சம் இல்லை. அதனால அடுப்பைச் சிம்ல வச்சுட்டு வந்து கேளு. தம்பி, நீயும்தான். 'அதெல்லாம் அவ பார்த்துப்பா'ன்னு நைசா நழுவாதே.

பாடம் நடத்துறது இதுல சின்ன வேலைதான். பாடம் முடிஞ்ச அப்புறமும் பிள்ளை வீட்டுலயேதான் இருக்கும் பாரு, அந்த மீதி நேரம்தான் உன்னைச் சாய்க்கும். நான் சொல்றதுல பாதிக்கு மேல அந்த மீதி நேரத்தைப் பத்தித்தான்.

பாடம்: கொஞ்சமா நடத்து

1. டைம் டேபிள் ஒட்டாதே. முதல் வருஷம் நான் எட்டு பீரியட் போட்டு, கலர் பென்சில்ல கட்டம் கட்டி, ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். இன்டர்வெல்லுக்குத் தனிக் கட்டம் வேற. பதினோராம் நாள் சின்னவன் அதுமேல சாம்பார் கையை வச்சான். பன்னிரண்டாம் நாள் நானே கிழிச்சுப் போட்டேன். ஸ்கூல்ல நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கவே பாதி நேரம் போயிடும். உன் வீட்டுல இருக்கிறது ஒண்ணோ ரெண்டோ. பத்து வயசு வரைக்கும் நாளைக்கு 2 மணி நேரம் உட்கார்ந்து படிச்சா தாராளம். அதுக்கு மேல இழுத்தா பிள்ளை கொட்டாவி விடும், நீ கத்துவ.

2. கஷ்டமான பாடம் காலையில முதல்ல. குளிச்சு, சாப்பிட்டு, வயிறு நிறைஞ்ச முதல் 40 நிமிஷம் கணக்கு. சாயங்காலம் கணக்கு எடுத்தா வீட்டுல ரெண்டு பேர் அழுவீங்க.

3. முதல் மாசம் எதுவும் வாங்காதே. அபாகஸ், கிட், ஃப்ளாஷ் கார்டு, ஆன்லைன் கோர்ஸ்னு ஒரு பட்டியல் உன் போன்ல இருக்கும்னு எனக்குத் தெரியும். மூடி வை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தோட புத்தகங்கள், என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் எல்லாமே இணையத்துல இலவசமா கிடைக்குது. தமிழ்நாட்டுப் புத்தகத்துல க்யூ.ஆர். கோடு இருக்கும், போனைக் காட்டினா வீடியோவும் வந்துடும். கதைக்கு 'ஸ்டோரிவீவர்' தளத்துல தமிழ்லயே நிறைய இருக்கு. அறிவியலுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட 'துளிர்' இதழ் போடு. அர்விந்த் குப்தாவோட குப்பையில இருந்து பொம்மை செய்யற வீடியோக்களைக் காட்டு. பழைய ஸ்ட்ரா, தீக்குச்சி, சைக்கிள் டியூப் போதும். நான் 6,000 ரூபாய் குடுத்து வாங்கின அறிவியல் பெட்டி பரண்ல இருக்கு. உனக்கு வேணும்னா வந்து எடுத்துக்கோ, சீல்கூடப் பிரிக்கலை.

4. திட்டம் எழுதாதே, நடந்ததை எழுது. இது என்னோட பெரிய குறுக்கு வழி, கவனமாக் கேளு. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குத் திட்டம் போட்டா, புதன்கிழமை யாருக்காவது காய்ச்சல் வரும், திட்டம் படுத்துடும், 'நான் உருப்படாத அம்மா'ன்னு நீ உட்கார்ந்துடுவ. அதுக்குப் பதிலா ராத்திரி பாத்திரம் கவுத்தின அப்புறம் ஒரு நோட்டுல மூணே மூணு வரி. இன்னிக்கு என்ன படிச்சாங்க, என்ன கேட்டாங்க, எங்க போனோம். தேதி போட்டு எழுது. ஆறு மாசம் கழிச்சுப் புரட்டினா நீ நினைச்சதை விட நிறைய நடந்திருக்கும். மாமனார் கேக்கும்போது எடுத்துக் காட்டவும் ஆகும்.

5. தானா வர்ற பாடத்தை மறிக்காதே. பெரியவளுக்கு ஒன்பது வயசு, மார்கழி மாசம். வாசல்ல 15 புள்ளி வச்சு, இடைப்புள்ளியா 8 வரைக்கும் கொண்டுபோற கோலம் போட்டுட்டு இருந்தேன். "மொத்தம் எத்தனை புள்ளிம்மா?"ன்னா. எனக்குக் குளிர், இடுப்பு வலி. "நீயே எண்ணு"ன்னுட்டேன். எண்ணினா, 167. மறுபடி எண்ணினா, 170. கோவம் வந்து உள்ள போய் நோட்டு எடுத்துட்டு வந்தா. நடு வரிசை 15. அதுக்கு மேல 14, 13ன்னு 8 வரைக்கும் கூட்டினா 77. கீழயும் அதே 77. ஆக 169. "அம்மா, இது பதிமூணு பதிமூணு!"ன்னு கத்தினா. உடனே மத்த கோலமும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சு 7 புள்ளி, 9 புள்ளி, 11, 13ன்னு போட்டுப் பார்த்தா. 37, 61, 91, 127. ஒண்ணுகூட அந்த மாதிரி வரலை. மூஞ்சி தொங்கிப்போச்சு. சாயங்காலம் வந்து, "வித்தியாசத்தைப் பாரு. 24, 30, 36, 42. ஆறு ஆறா ஏறுது"ன்னு சொன்னா. எனக்கே அதுவரைக்கும் தெரியாது.

   அன்னிக்கு நான் எடுத்து வச்சிருந்தது பெருக்கல் ஒர்க்‌ஷீட். திறக்கவே இல்லை. ஆனா பாரு, மறுநாள் நான் என்ன பண்ணேன் தெரியுமா? வாயை வச்சுட்டு சும்மா இருக்காம, "இன்னிக்குக் கோலத்துல எத்தனை புள்ளி சொல்லு"ன்னேன். "இது பூக்கோலம், புள்ளி இல்லை"ன்னு உள்ள போயிட்டா. கோலத்தையும் தோசையையும் பால் கணக்கையும் பாடமாக்கறேன்னு ஆரம்பிச்சா பிள்ளை உன் பக்கத்துலயே வராது.

6. தமிழை 'வீட்டுலதான் பேசறோமே'ன்னு விட்டுடாதே. எல்லாரும் செய்யற தப்பு இது. பேசற பிள்ளைக்கு எழுத வராது. ண, ன, ந எங்க வரும், ர எங்க ற எங்கன்னு தடுமாறும். நாளைக்கு ஒரு தலைப்புச் செய்தி, பேப்பரைப் பார்க்காம, நீ சொல்ல அது எழுதட்டும். அஞ்சு நிமிஷம். தப்பைச் சிவப்பு மையால அடிக்காதே. பேப்பரை நீட்டு, அதுவே பார்த்துத் திருத்திக்கட்டும்.

7. உனக்கு வராத பாடத்தை நீ எடுக்காதே. எனக்கு இயற்பியல்னா தலைசுத்தும். மூணு மாசம் பிடிவாதமா எடுத்தேன், பெரியவளுக்கும் தலைசுத்த ஆரம்பிச்சுது. அப்புறம்தான் அவங்கப்பாகிட்டக் குடுத்தேன். தம்பி, இது உனக்கு: ஒரு பாடமாவது முழுசா உன் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து 'என்ன படிச்ச?'ன்னு அதிகாரி மாதிரி கேக்கறது கணக்குல சேராது.

மீதி நேரம்

8. மதியம் 2ல இருந்து 3 வரைக்கும் யாரும் யாரோடயும் பேசக்கூடாது. இது எங்க வீட்டுச் சட்டம். தூங்கலாம், படம் வரையலாம், சுவத்தைப் பார்த்துட்டு உட்காரலாம். டி.வி., போன் கிடையாது, உனக்கும் சேர்த்துத்தான். முதல் வாரம் கதவைத் தட்டிட்டே இருப்பாங்க. ரெண்டாம் வாரம் பழகிடும். அந்த ஒரு மணி நேரம் இல்லைன்னா இந்த வேலையை ஒரு வருஷத்துக்கு மேல உன்னால செய்ய முடியாது, எழுதி வச்சுக்கோ.

9. 'போர் அடிக்குதும்மா'ன்னு சொன்னா பதறாதே. பொழுதுபோக்கு அதிகாரி வேலைக்கு நீ மனு போடலை. "அப்படியா? வெங்காயம் உரிக்கறியா?"ன்னு கேளு. தானா ஓடிடும்.

10. சமையலைக் காலை எட்டரைக்குள்ள முடி. பாட நடுவுல குக்கர் விசில் எண்ணிட்டே பின்னம் சொல்லிக்குடுத்தா பின்னமும் போகும், பருப்பும் அடிபிடிக்கும். பாட நாள்ல கலந்த சாதம், ஒரு பொரியல். அவ்வளவுதான். அவியல் எல்லாம் சனிக்கிழமை.

11. கூட விளையாட ஆள் வேணும். எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க, அவங்க கேக்கறதுல நியாயமும் இருக்கு. தெருப் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நாலரை மணிக்கு உன் பிள்ளை வாசல்ல இருக்கணும். அந்த நேரத்துல கிளாஸ் எதுவும் வைக்காதே. சிலம்பமோ நீச்சலோ, வாரம் மூணு நாள் ஒரே குழுவோட போற மாதிரி ஒண்ணு சேர்த்து விடு. நூலகத்துல உறுப்பினராக்கு. சென்னைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துலயும் மதுரைன்னா 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துலயும் குழந்தைங்களுக்குத் தனிப் பகுதியே இருக்கு. ஒண்ணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோ: விளையாட்டுல கெட்டிக்காரப் பிள்ளையா இருந்தா, பள்ளிகளுக்கு இடையில நடக்கற போட்டி எதுலயும் கலந்துக்க முடியாது. அந்த ஏக்கம் வரும். கிளப் வழியாப் போற போட்டிகளைத் தேடி வை.

12. ஒண்ணுமே நடக்காத நாள் வரும். மாசத்துல நாலு வரும். அன்னிக்குப் புத்தகத்தை மூடிட்டு வீட்டைக் கூட்டுங்க.

சொந்தக்காரங்க

13. கல்யாண வீட்டுல விவாதம் பண்ணாதே. "பாப்பா எந்த ஸ்கூல்?"னு கேப்பாங்க. "வீட்டுலதாங்க படிக்கறா, பத்தாவதைத் திறந்தநிலைப் பள்ளியில எழுதுவா." ஒரே மூச்சுல சொல்லு. சொல்லிட்டு உடனே, "உங்க மருமக எப்ப வர்றாங்க?"ன்னு கேளு. பேச்சு அந்தப் பக்கம் போயிடும். கல்வி முறை, மன அழுத்தம்னு நீ விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா பந்தியில பாயசம் வர்ற வரைக்கும் விட மாட்டாங்க. பிள்ளைக்கும் அந்த ஒத்தை வரியைச் சொல்லிக்குடு. நான் சொல்லிக்குடுக்க மறந்தேன். சின்னவன் ஒரு விசேஷத்துல, "நான் ஸ்கூலுக்குப் போறதில்லை, சும்மாதான் இருக்கேன்"னு சொல்லிட்டு வந்தான். ஒரு வாரத்துக்கு எங்க மாமியார் போனை எடுக்கலை.

14. மாமியார்கிட்ட சம்மதம் கேக்காதே, வேலை குடு. ரெண்டு வருஷம் வாதாடிப் பார்த்தேன், ஒரு அடியும் நகரலை. ஒருநாள், "அத்தை, எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது, நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்களேன்"னு கேட்டேன். திதி, நட்சத்திரம், வளர்பிறை தேய்பிறைன்னு ஆரம்பிச்சு, ராத்திரி மொட்டை மாடியில நிலாவைக் காட்டற வரைக்கும் போச்சு. இப்போ யாராவது கேட்டா, "எங்க வீட்டுல நான்தான் சொல்லிக்குடுக்கறேன்"னு அவங்களே சொல்லிக்கறாங்க. சொல்லிக்கட்டுமே, உனக்கு என்ன குறைஞ்சுது?

காகிதம்: இதைப் படிக்காம பக்கத்தைத் திருப்பாதே

15. சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்கு. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வரைக்குமான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னு அதோட 10ஆம் பிரிவு சொல்லுது. சேர்க்காத பெத்தவங்களுக்குத் தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்லை. வீட்டுவழிக் கல்வின்னு பேர் சொல்லி அனுமதி குடுக்கற வரியும் இல்லை. ரெண்டுங்கெட்டான் நிலைமைதான். 'எல்லாம் சட்டப்படி சரி'ன்னு மார்தட்டாதே, 'போலீஸ் வந்துடும்'னு நடுங்கவும் வேண்டாம்.

16. ஸ்கூல்ல இருந்து நிறுத்தும்போது டி.சி. வாங்கிடு. 'அப்புறம் வாங்கிக்கலாம்'னு வந்துடாதே. நான் வந்தேன். மூணு வருஷம் கழிச்சுப் போனப்ப ஆபீஸ் ஆள் மாறி, ரெஜிஸ்டர் இடம் மாறி, நாலு நடை நடந்தேன்.

17. பேரும் இனிஷியலும் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும். ஸ்கூல்ல படிக்கற பிள்ளைக்கு அந்த ரெஜிஸ்டர்தான் மூலம். உன் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும்தான் எல்லாம். ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல அப்பா பேர் முழுசா பின்னாடின்னு இருந்தா, பத்தாவது விண்ணப்பம் போடற அன்னிக்குத்தான் தெரியும். இன்னிக்கே எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. ஆதார்ல 5 வயசுலயும் 15 வயசுலயும் கைரேகை புதுப்பிக்கணும். ஸ்கூல்ல முகாம் போட்டுச் செய்வாங்க, நீ ஞாபகம் வச்சுக் கூட்டிட்டுப் போகணும்.

18. பரீட்சைக்கு வழி இருக்கு, அவசரப்படாதே. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ்.னு சொல்வாங்க, 1989ல தொடங்கினது. 14 வயசு நிறைஞ்சா பத்தாவதுக்குப் பதியலாம். அஞ்சு பாடம் போதும், வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை, ஒரு தடவை பதிஞ்சா அஞ்சு வருஷத்துக்குள்ள முடிச்சா சரி. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில எழுதணும்னு கட்டாயம் இல்லை. பெரியவ ரெண்டு, அப்புறம் மூணுன்னு பிரிச்சு எழுதினா. தமிழைப் பாடமா எடுக்கலாம். ஓவியம், மனையியல், உளவியல்கூட இருக்கு. வீட்டுல எழுதி அனுப்பற அசைன்மென்ட்டுக்கு மார்க் உண்டு. அதைக் கடைசி நாள் வரைக்கும் தள்ளாதே, தளம் திணறும்.

    நம்ம மாநிலத்துல எட்டாவதைத் தனித்தேர்வரா எழுதலாம், பன்னிரண்டரை வயசு ஆகியிருக்கணும், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துது. கையில ஒரு சர்டிபிகேட் இருந்தா வீட்டுப் பெரியவங்களுக்கும் தூக்கம் வரும்.

    'பணம் கட்டுங்க, நாங்களே பாஸ் பண்ணி வைக்கிறோம்'னு ஒருத்தன் கட்டாயம் வருவான். வாசலோட அனுப்பு.

19. எதை இழக்கிறோம்னு கணக்குப் போட்டுட்டு இறங்கு. இதை யாரும் சொல்ல மாட்டாங்க, அக்கா சொல்றேன். மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வாங்கறதுக்கும் ஆறாவதுல இருந்து பள்ளிக் கணக்கு கேப்பாங்க. அரசு வேலையில தமிழ்வழிக்கு இருக்கற 20 சதவீதத்துக்கு ஒண்ணாவதுல இருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும். உன் பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்காது. இந்தச் சலுகையை நம்பித்தான் உங்க குடும்பம் மேல வரணும்னா, தயவு செஞ்சு ஸ்கூலுக்கே அனுப்பு. அதுல ஒரு வெக்கமும் இல்லை. அப்புறம், இங்கயே பிறந்து வளர்ந்த பிள்ளையா இருந்தாலும் காலேஜ் கவுன்சலிங்ல 'தமிழ்நாட்டுல பள்ளியில படிச்சதுக்கு ஆதாரம் எங்கே?'ன்னு நிப்பாங்க. நேட்டிவிட்டி, சாதிச் சான்றிதழ் ரெண்டையும் இ-சேவை மையத்துல முன்கூட்டியே எடுத்து வை.

ஊர் சுத்தற விஷயம்

இந்த வாழ்க்கையில நமக்கு இருக்கற ஒரே ஆடம்பரம் இதுதான். மத்தவங்க மே மாச வெயில்ல ரூமுக்கு ரெண்டு மடங்கு குடுத்துப் போறப்ப நாம வீட்டுல காத்தாடி போட்டுப் படுத்திருக்கலாம். ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் கிளம்பு.

20. ஒரு நாளைக்கு ஒரே இடம். எங்க ஊர் திருச்சி. தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், மூணும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, மூணையும் ஒரே நாள்ல காட்டி 'சோழர்' பாடத்தை முடிச்சுடலாம்னு ஒரு மே மாசம் வண்டி எடுத்தேன். காலையில பெரிய கோயில். 1010ல கட்டி முடிச்சதுன்னு நான் சொல்லச் சொல்லப் பிள்ளைங்க அணிலைப் பார்த்துட்டு இருந்தாங்க. தாராசுரத்தை அப்புறம் பார்க்கலாம்னு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஓட்டினா மணி பன்னிரண்டரை. சன்னிதி சாத்தியாச்சு, நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. கல்தரை தோசைக்கல் மாதிரி. சின்னவன் ஒத்தைக்கால்ல குதிச்சு, அழுது, என் முந்தானையில வாந்தி எடுத்தான். ராஜேந்திரன் கங்கை வரைக்கும் போனதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ராத்திரி 'இன்னிக்கு என்ன பார்த்தீங்க?'ன்னு அவங்கப்பா கேட்டதுக்கு, 'நுங்கு'ன்னான்.

    அடுத்த தை மாசம் தாராசுரத்துக்கு மட்டும் போனோம். காலை ஏழரைக்கு. நான் வாயே திறக்கலை. ஒரு யானையும் காளையும் ஒரே தலையில இருக்கற சிற்பம் ஒண்ணு இருக்கு, கண்டுபிடிச்சா இளநீர்னு மட்டும் சொன்னேன். தேடறேன்னு கோயில் முழுக்க ஒவ்வொரு கல்லா தடவிட்டு வந்தாங்க. கண்டுபிடிச்ச அப்புறம் சின்னவன் உள்ளங்கையால காளை உடம்பை மறைச்சு யானையைப் பார்த்தான், யானையை மறைச்சுக் காளையைப் பார்த்தான். அரைமணி நேரம் அதே வேலை. காவலாளியே வந்து கூட நின்னுட்டார்.

21. எந்த நாள் லீவுன்னு கேட்டுட்டுக் கிளம்பு. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது. கோயில்னா மதியம் நடை சாத்துவாங்க. வேடந்தாங்கல்ல நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போகணும், ஜூன்ல போனா மரத்தைத்தான் எண்ணணும். மத்தியத் தொல்லியல் துறை இடங்கள்ல 15 வயசுக்குக் கீழ டிக்கெட் இல்லை. சித்தன்னவாசல் அப்படித்தான், புதுக்கோட்டையில இருந்து 16 கிலோமீட்டர். தாமரைக்குள ஓவியத்தை நிதானமாப் பார்க்கணும்னா வாரநாள்ல போ.

22. பக்கத்துல இருக்கறதை மறந்துடாதே. ஜூன் 12 மேட்டூர்ல தண்ணி திறந்தாங்கன்னா மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடும். டவுன் பஸ்ல போய், தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள், வந்த அப்புறம் ஒரு நாள்னு பாருங்க. பாடம் எதுவும் நடத்தாதே, தண்ணியே போதும்.

23. ரயில் டிக்கெட் கணக்கு. 5 வயசுக்குக் கீழ டிக்கெட் வேண்டாம். 5ல இருந்து 12க்குள்ள, தனி பெர்த் வேண்டாம்னா அரை டிக்கெட், பெர்த் வேணும்னா முழு டிக்கெட். சேர் கார்ல அரை டிக்கெட் பேச்சே இல்லை. ராத்திரிப் பயணத்துல மிச்சம் பிடிக்கறேன்னு எட்டு வயசுப் பையனை உன் பெர்த்துல போட்டுக்காதே. விடியறதுக்குள்ள உன் இடுப்பு உன்னோடது இல்லை. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், செவ்வாய் புதன் பார்த்துப் போடு.

24. சாப்பாடு: புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவின இட்லி. தயிர் சாதம் கட்டறதுன்னா பாலை ஊத்திப் பிசைஞ்சு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடு. மதியத்துக்குச் சரியா உறைஞ்சிருக்கும், புளிக்காது. மலைப் பாதையில பிள்ளை போனைப் பார்க்கக்கூடாது, புத்தகமும் கூடாது. ஜன்னல், எலுமிச்சம்பழம், ரெண்டு பாலிதீன் கவர். கவரை உன் மடியில வை, மேல பையில வைக்காதே.

25. பயணத்துல பாடப்புத்தகம் எடுத்துட்டுப் போகாதே. போனா திறக்க மாட்டீங்க, திறக்கலையேன்னு நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுப்ப. ஒரு கோடு போடாத நோட்டு, ஒரு பென்சில். ரயில் நின்ன ஸ்டேஷன் பேரை எழுதினாக்கூடச் சரிதான்.

திரும்பிப் போகணும்னு கேட்டா

26. பன்னிரண்டு வயசுல சின்னவன் ஒருநாள் சாப்பிட்டுட்டே, "நான் ஸ்கூலுக்குப் போகட்டுமா? ஃபிரண்ட்ஸோட டிபன் பாக்ஸ் மாத்திச் சாப்பிடணும்"னான். எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. இத்தனை வருஷம் உழைச்சது எல்லாம் ஒரு டிபன் பாக்ஸுக்குத் தோத்துப்போச்சான்னு ராத்திரி அழுதேன். நீ அழு, ஆனா பிள்ளை முன்னாடி வேண்டாம். 'நான் உனக்காக வேலையை விட்டேனே'ன்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே.

    கல்வி உரிமைச் சட்டத்தோட 4ஆம் பிரிவுப்படி, பள்ளியிலயே சேராத பிள்ளையையும் இடையில நிறுத்தின பிள்ளையையும் வயசுக்கு ஏத்த வகுப்புல சேர்த்துக்கணும். டி.சி. வரத் தாமதம்னு சேர்க்கையை மறுக்கக் கூடாது. அரசு, உதவி பெறும் பள்ளிகள்ல எட்டாவது வரைக்கும் இது சுலபமா நடக்கும். ஒன்பதாவதுக்கு மேல போகணும்னா பழைய சான்றிதழ் கேப்பாங்க, அதனால ஆசை இருக்கான்னு பன்னிரண்டு வயசுக்குள்ள நீயே ஒரு தடவை கேட்டுடு. நான் அந்த மூணு வரி நோட்டுகளைத் தூக்கிட்டுப் போனேன். தலைமையாசிரியர் ஒரு நோட்டைப் புரட்டி, கோலப் புள்ளி எழுதின பக்கத்துல நின்னு ரெண்டு நிமிஷம் படிச்சார். ஏழாவதுல சேர்த்துக்கிட்டாங்க.

    யூனிஃபார்ம் தைக்கக் குடுக்கறப்ப பேன்ட்ல உள்பக்கம் ரெண்டு இன்ச் மடிச்சு விடச் சொல்லு. ஜூன்ல அளவெடுத்தா தீபாவளிக்குள்ள கணுக்கால் தெரிய ஆரம்பிச்சுடும்.